மாட்டுக் கொட்டகைக்கு ஒரு ஒயர்

பி.காம் படிக்கிறவனுக்கு கரண்ட் பத்தி என்ன தெரியும்னு கேட்காதீங்க. கடைசியில கணக்குலதான் வந்து நிற்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பார்த்தேன். வீட்டு ப்ளக்குல இருந்து ரெண்டு கோர் ஒயர், துணி காயப்போடுற கொடிக்கம்பியில சுத்தி, மாட்டுக் கொட்டகைக்குப் போகுது. மூணு இடத்துல ஒட்டு. எர்த் கிடையாது. "பத்து வருஷமா ஒண்ணும் ஆகலையேடா, ஃப்யூஸ் இருக்குல்ல"ங்கிறார் பெரியப்பா.

6 ஆம்பியர் ஃப்யூஸ் காப்பாத்துறது ஒயரை, ஆளை இல்லை. அதுல நூத்துல ஒரு பங்கு கரண்டே உயிரை எடுத்துடும், ஃப்யூஸ் அசையாது. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே ட்ரிப் ஆகுற ஆர்.சி.சி.பி வேணும். எர்த்தோட மூணு கோர் கேபிள், பைப்புக்குள்ள, மண்ணுக்கடியில போகணும். ஈரத் தரையில கசிஞ்சா மாட்டுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம், கரண்ட் நெஞ்சு வழியா ஓடும்.

எல்லாம் சேர்த்தும் ஒரு கறவை மாட்டு விலையில பாதி வராது. துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டார்.

பெரியம்மா தினம் விடியக்காலம் வெறுங்காலோடதான் பால் கறக்கப் போறாங்க. அதை நான் சீட்டுல எழுதலை.