வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தரகர் ஏன் மறுக்கின்றார்?

வெளிநாட்டில் தொழில் செய்யும் எமது சகோதரர்கள் பலர் தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கின்றார்கள். புறக்கோட்டை வியாபாரிகள் பலரும் கடையில் கிடைத்த இலாபத்தை இவ்வாறே முதலீடு செய்துள்ளார்கள். இவர்கள் என்னைக் காணும் போதெல்லாம் சொல்லும் குறை ஒன்றுதான். ஆள் பிடித்துத் தரும் புறோக்கர் கொமிஷன் கைக்கு வந்ததும் மறைந்துவிடுகின்றாராம். மாதா மாதம் வீட்டைக் கவனித்துக்கொள்ளக் கேட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கழன்றுவிடுகின்றாராம்.

இதனை நாம் பொறுப்பின்மை என்கின்றோம். என்னைக் கேட்டால், வியாபாரக் கணக்குத் தெரிந்த எவரும் அவ்வாறுதான் மறுப்பார்.

கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபா வாடகை வீடு ஒன்றைக் கொடுத்துவிட்டால், ஒரு மாத வாடகை என்ற வழமைப்படி தரகருக்கு 60,000 ரூபா கிடைக்கின்றது. வேலை ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும். அதே வீட்டைப் பராமரிக்க நூற்றுக்கு ஐந்து பேசினால் மாதம் 3,000 ரூபா. வருடம் முழுவதும் உழைத்தாலும் 36,000 ரூபாதான். 3 கோடி ரூபா வீடொன்றை நூற்றுக்கு இரண்டு கொமிஷனுக்கு விற்றால் 6 இலட்சம். அவர் தனது நேரத்தை எங்கே செலவிடுவார்?

அந்த 3,000 ரூபாவுக்குள் வரும் வேலைகளையும் எண்ணுங்கள். இரவில் தண்ணீர்க் குழாய் வெடித்தால் தொலைபேசி அவருக்குத்தான் வரும். பாஸ் ஒருவரைத் தேடிப் பிடித்து, கூலி பேசி, முச்சக்கர வண்டியில் போய் மேற்பார்வை செய்யவேண்டும். செலவுக் கணக்கைக் காட்டினால் சொந்தக்காரர் சந்தேகிப்பார். செலவு செய்யாவிட்டால் குடியிருப்பவர் ஏசுவார். வாடகை பிந்தினாலும் மின்கட்டணம் நிலுவையில் நின்றாலும் இரண்டு பக்கத்தாரும் அவரைத்தான் பிடிப்பார்கள். வாடகையும் முற்பணமும் அவர் கையால் போய்வந்தால் அது அடுத்தவரின் அமானிதப் பணம். ஒரு பற்றுச்சீட்டு தவறினாலும் பெயர் கெட்டுவிடும். தரகருக்கு முதலே அவரது பெயர்தான்.

சட்டப் பயமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட குடியிருப்பாளரை எழுப்புவதற்கு வருடக்கணக்கில் வழக்காடியவர்களை நாமறிவோம். குத்தகைக்குக் கொடுத்த இடங்களின் உடைமையை விரைவாக மீட்பதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்துள்ளது. ஆயினும் கட்டுக்கோப்பான உடன்படிக்கை இல்லாதவருக்குச் சட்டத்தால் என்ன பயன்? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் சட்டம். நம்மில் எத்தனை பேர் வாய்ப்பேச்சோடு சாவியைக் கொடுக்கின்றோம்? அந்தச் சிக்கலை 3,000 ரூபாவுக்காகத் தரகர் ஏன் தலையில் ஏற்றவேண்டும்?

ஆகவே வீட்டைக் கவனிக்க ஆள் வேண்டுமென்றால் அதனை உபகாரமாகக் கேட்காதீர்கள். தனித்தொழிலாக மதித்துக் கூலி பேசுங்கள். எவ்வளவு தொகை வரையான திருத்த வேலையைக் கேட்காமலே செய்யலாம், வாடகை யாருடைய வங்கிக் கணக்கில் விழவேண்டும், மாதக் கணக்கு எந்தத் திகதியில் தரப்படவேண்டும் என்பவற்றை எழுத்தில் வையுங்கள். வாடகையை நேரடியாக உங்கள் கணக்குக்கே வரச்செய்தால் தரகரின் பாரமும் உங்கள் சந்தேகமும் பாதியாகக் குறையும். வெளிநாட்டில் இருப்பவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் கொடுத்துவிட்டுச் செல்லட்டும்.

எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் 3,000 ரூபா. ஒரே பகுதியில் நாற்பது வீடுகளைப் பொறுப்பேற்று, ஒரு பாஸையும் ஒரு கணக்குப்பிள்ளையையும் வைத்துக்கொண்டால் மாதம் 1,20,000 ரூபா வருமானம். அவர்களின் சம்பளம் போகவும் கைக்கு ஏதாவது மிஞ்சும். அங்கே வாங்கல் விற்றல் வந்தாலும் முதலில் உங்களையே தேடுவார்கள். தரகர்கள் வேண்டாமென்று விட்டுவைத்திருக்கும் இத்தொழிலை நாணயமாகச் செய்ய முன்வருபவர்களுக்கு வாடிக்கையாளர் பஞ்சம் இராது.