செயின் கழண்டுபோச்சு!

நான் பி.காம். எதையும் தேய்மானம் கழித்துத்தான் பார்ப்பேன். முப்பத்தாறு வயசு உடம்புக்கு அப்படிக் கழித்தால் மிச்சம் நிற்பது ஒரு தொப்பை. இப்பேர்ப்பட்டவனை ஒரு வாரம் சைக்கிள் டூருக்குக் கூப்பிட்டால், அது விதியா, சதியா?

கூப்பிட்டவர் உளுந்தூர்பேட்டை சைக்கிள் கடை அண்ணன். நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து எனக்குப் பஞ்சர் ஒட்டுபவர். மொத்தம் ஏழு பேர். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை. டென்ட், சமையல் சாமான் எல்லாம் கேரியரில்.

"ஏன்டா, அந்தப் பக்கம் பஸ்ஸே வுடலியா?" என்றாள் அம்மா.

நான் நழுவப் பார்த்தேன். அண்ணன் செல்போனில் படித்து வைத்திருந்த அமெரிக்காவை இழுத்துவிட்டார்.

1973-ல் அயோவா மாநிலத்தில் ஜான் கராஸ், டொனால்ட் கால் என்று இரண்டு பத்திரிகைக்காரர்கள், மாநிலத்தையே சைக்கிளில் கடக்கலாம் என்று கிளம்பி, வாசகர்களையும் கூப்பிட்டார்களாம். இப்போது வருஷா வருஷம் ஜூலையில் ஒரு வாரம் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். ராக்பிரை என்று பெயர். ராத்திரிக்கு ஊர் ஊராக டென்ட். பின்சக்கரத்தை மிசௌரி ஆற்றில் நனைத்துக் கிளம்பி, முன்சக்கரத்தை மிசிசிப்பியில் நனைத்து முடிப்பது சம்பிரதாயம்.

"மொத வருசமே கிளாரன்ஸ் பிக்கார்டுன்னு ஒரு தாத்தா. 83 வயசு. லேடீஸ் சைக்கிள்லயே ஓட்டி முடிச்சிட்டாரு. உனக்கு என்னா வயசு தம்பி?"

இதுக்கு மேல் என்ன பேச?

ஆவணி மாசத்தில் ஒரு நாள் பின்சக்கரத்தை நனைக்க ஊர் ஏரிக்குப் போனோம். ஏரியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்து சம்பிரதாயத்தை முடித்தோம்.

முதல் மூன்று நாள் சமவெளி. பள்ளிக்கூட மைதானம், தெரிந்தவர் களத்துமேடு என்று கேட்டுக் கேட்டு டென்ட் அடித்தோம். என் டென்ட்டில் என்னைவிடக் கொசுக்களுக்கு உரிமை அதிகம்.

நாலாம் நாள் மலை. இரண்டாவது வளைவிலேயே எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. இளவட்டங்கள் ஐந்து பேரும் கண்ணுக்கே தெரியவில்லை. எதிரே கச்சிராயபாளையம் போகிற பஸ் இறங்கி வந்தது. கையைக் காட்டினால் போதும், சாயந்திரம் வீடு. வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம். சத்தியமாகச் சொல்கிறேன், கை பாதி தூக்கியாகிவிட்டது.

"தம்பி, செத்த நில்லு. செயின் கழண்டுபோச்சு!"

பின்னால் அண்ணன் குந்தி உட்கார்ந்திருந்தார். பெரியவரை நடுமலையில் விட்டுவிட்டு பஸ் ஏறுவதா? நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

அப்புறமும் எனக்கு மூச்சு முட்டுகிற வளைவாகப் பார்த்து அவருக்குச் செயின் கழன்றது. ஆறு தடவை! சைக்கிள் கடைக்காரர் வண்டி இந்த லட்சணமா என்று மனசுக்குள் சிரித்தபடியே வெள்ளிமலை போய்ச் சேர்ந்தேன்.

ராத்திரி அண்ணன் எனக்குச் சோறு போட்டார். டார்ச் வெளிச்சத்தில் அவர் கையைப் பார்த்தேன். ஆறு தடவை செயின் மாட்டிய கை. ஒரு பொட்டு கிரீஸ் இல்லை.

"அண்ணே, செயின்..."

"சோத்தத் தின்னுடா."

மறுநாள் மலைமேலேயே ஊர் ஊராகச் சுற்றினோம். முந்தின நாள் பறந்த பையன் ஒருத்தனுக்குக் கால் பிடித்துக்கொண்டு, அவன் கடைசியாகிவிட்டான். திரும்பிப் போய்விடலாமா என்பதுபோல் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் எனக்குத் தெரியும்.

"தம்பி, கொஞ்சம் நில்லுப்பா. செயின் கழண்டுபோச்சு!" என்றேன்.

ஏழாம் நாள் ஏழு பேரும் இறங்கிவந்து கோமுகி அணையில் முன்சக்கரம் நனைத்தோம். வீட்டில் என் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவிக்கு ஆச்சரியம்.

"ஏழு நாள் சைக்கிள் ஓட்டியிருக்கீங்க, ஒரு கிரீஸ் கறைகூட இல்ல. நெஜமா ஓட்டினீங்களா, இல்ல பஸ்ல போனீங்களா?"