பழைய காருக்கு ஒரு தனி உண்டியல்

பழைய கார் வாங்கப் போகிறவர் வீட்டில் பல நாட்களுக்கு அதே பேச்சாக இருக்கும். எந்தக் கார், எந்த வருஷத்து மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, முதல் சொந்தக்காரர் டாக்டரா வக்கீலா, என்ன நிறம் என்று எல்லாமே அலசப்படும். மைத்துனர் ஓர் அபிப்பிராயம் சொல்வார். எதிர் வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். தரகரிடம் பேரம் பேசிப் பத்தாயிரம் ரூபாய் குறைத்துவிட்டால் அன்றைய இரவுச் சாப்பாடு தனி ருசியாக இருக்கும். இத்தனை பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. வாங்கிய பிறகு இந்தக் காரைப் பராமரிக்க மாதம் எவ்வளவு எடுத்து வைக்கப் போகிறோம் என்பதுதான் அந்தக் கேள்வி.

இது எழாத காரணத்தினால்தான், "பழைய கார் வாங்கினேன், பணத்தைத் தின்றுவிட்டது" என்ற புலம்பல் ஊரெங்கும் கேட்கிறது. காரைக் குறை சொல்கிறார்கள்; விற்றவரைக் குறை சொல்கிறார்கள்; மெக்கானிக்கைத் திருடன் என்கிறார்கள். மெக்கானிக்குகள் எல்லாரும் அரிச்சந்திரர்கள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. சேர்த்து வைத்த 3 லட்ச ரூபாயையும் காருக்கே கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு மாதம் கழித்து நான்கு டயர்களையும் மாற்றவேண்டும் என்று கேள்விப்படும்போது தலையில் இடி விழுந்தது போல் இருக்கிறது. டயர் தேயும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா என்ன?

தீபாவளிக்கு நம் வீடுகளில் எப்படித் தயாராகிறார்கள்? பட்டாசுக்கும் பலகாரத்துக்கும் துணிமணிக்கும் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறார்கள். தீபாவளி வந்துவிட்டதே என்று ஐப்பசி மாதத்தில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. காரின் பழுதும் தீபாவளி போல வந்தே தீரும். காலண்டரில் அதற்குத் தேதி அச்சிட்டிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். தேதி தெரியாத செலவை வராத செலவு என்று எண்ணிவிடுவதில்தான் சங்கடமெல்லாம் தொடங்குகிறது.

எட்டுப் பத்து வருஷம் ஓடிய ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது. நான்கு டயருக்கு 16,000 ரூபாய் ஆகும், நான்கு வருஷம் உழைக்கும் என்றால், வருஷத்துப் பங்கு 4,000. பாட்டரி 4,500 ரூபாய். மூன்று வருஷம் வந்தால் வருஷத்துக்கு 1,500. கிளட்ச் மாற்ற 9,000 ரூபாய், ஆறு வருஷத்துக்கு ஒரு முறை. அதன் பங்கும் 1,500. என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலி எல்லாம் சேர்ந்த வழக்கமான சர்வீஸுக்கு 6,000. பிரேக் கட்டைகளுக்கு 1,500. மேடு பள்ளங்களில் அடிபடும் ஷாக் அப்ஸார்பர், புஷ் வகையறாவுக்கு 3,000. ரேடியேட்டர் குழாய், ஃபேன் பெல்ட், கூலன்ட், வைப்பர், பல்பு போன்ற சில்லறைகளுக்கு 2,500. கூட்டினால் சரியாக 20,000 ரூபாய். ஊருக்கு ஊர், காருக்குக் கார் இந்தத் தொகைகள் மாறும். கணக்குப் போடும் வழி மாறாது.

இது தெரிந்த செலவு. ஆல்டர்னேட்டர் எரிந்து போவது, ஏ.ஸி. கம்ப்ரஸர் உட்கார்ந்து விடுவது, ரேடியேட்டர் ஓட்டையாவது ஆகியவை எந்த வருஷம் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வயதான காரில் இரண்டு மூன்று வருஷத்துக்குள் இவற்றில் ஏதாவது ஒன்று வரும் என்று எதிர்பார்ப்பதே புத்திசாலித்தனம். அதற்காக இன்னொரு 10,000 சேர்த்தால் மொத்தம் 30,000. மாதத்துக்கு 2,500 ரூபாய், கிலோமீட்டருக்கு 3 ரூபாய் ஆகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆக, பெட்ரோலுக்குச் செலவழிப்பதில் ஏறக்குறைய பாதி பராமரிப்புக்கும் போகிறது. பெட்ரோல் போடுவதை எதிர்பாராத செலவு என்று யாரும் சொல்வதில்லையே!

இந்த 2,500 ரூபாயை ஒதுக்க முடியாத சம்பளத்தில் கார் வாங்கலாமா? கூடாது என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் அதுதான் நியாயமான பதில். கடன் கொடுக்கும் பாங்குக்காரர்கள் மாதத் தவணையைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். கார் ரிப்பேருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பது அவர்கள் வேலை அல்ல. பழைய காருக்கான கடனுக்கு வட்டியும் பொதுவாகப் புதுக் காரை விடக் கூடுதல். ஆகவே தவணை 7,000 என்றால் அதை 9,500 என்று எண்ணிக்கொண்டு, அது கட்டுப்படியாகுமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். உபரியான 2,500 பாங்கிலேயே தனிக் கணக்கில் இருக்கட்டும், அல்லது அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் டப்பாவில் இருக்கட்டும். மளிகைப் பணத்தோடு கலக்கக் கூடாது, அவ்வளவுதான். கலந்த பணம் மளிகைப் பணம் ஆகிவிடும் என்பது குடும்பம் நடத்துகிற பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாதச் சேமிப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே இன்னொரு செலவு காத்திருக்கிறது. கையில் 3 லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் கார் பார்க்கக் கூடாது. மிச்சம் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டும். பழைய சொந்தக்காரர் எப்போது ஆயில் மாற்றினார், என்ன ஆயில் ஊற்றினார் என்பது அவருக்கே நினைவிராது. எனவே என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அன்றைய தேதியை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின்னிரண்டு வருஷம். 2317 என்றால் 2017-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டை நிறைய இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார்; ரப்பர் வயதாகி வெடித்திருப்பதைச் சொல்ல மாட்டார்.

சில என்ஜின்களுக்குள் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் வார் ஒன்று இருக்கிறது. வேறு சிலவற்றில் அதற்குப் பதில் சங்கிலி. நாம் வாங்கிய காரில் இருப்பது எது என்று அதனுடன் வந்த புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வாராக இருந்தால், இத்தனை கிலோமீட்டருக்குள் அல்லது இத்தனை வருஷத்துக்குள் மாற்றவேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கும். பழையவர் மாற்றியதற்கு ரசீது இல்லையானால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை, என்ஜினையே பிரித்துப் போடுகிற வேலையாகிவிடும்.

தனிப் பணம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?" மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, "ஓட்டலாம் சார்" என்பார். கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதில் அது. காரைப் பார்த்துச் சொன்னது அல்ல. பை காலி என்பதை அவர் புரிந்துகொண்டுவிட்டார். ரேடியேட்டர் குழாயில் லேசான கசிவுக்கு இந்தப் பதில் கிடைத்தால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் திருச்சி நெடுஞ்சாலையில் கூலன்ட் வற்றி, என்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாய்க் குழாயை மிச்சம் பிடித்தவர், வண்டியை இழுத்து வரும் லாரிக்கே ஆயிரக்கணக்கில் கொடுப்பார்.

இதுவாவது பணத்தோடு போகிற நஷ்டம். பிரேக் விஷயத்தில் அப்படி இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அது தாங்க வேண்டிய அளவு 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. சமவெளியில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற வரையில் இந்த வித்தியாசம் தெரியாது. குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய், 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது தெரியும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இதை மாற்றுவது பெரிய செலவே அல்ல. ஆனால் ஒதுக்கிய பணம் இல்லாத வீட்டில் பெரிய செலவு, சிறிய செலவு எல்லாமே அடுத்த மாதத்துக்குத்தான் தள்ளிப் போகும்.

அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் யார் கணக்குப் போட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை தயாரான அம்பாஸடர் காருக்கு எந்த ஊர் சந்தையோரத்திலும் வைத்தியம் தெரிந்தவர் இருந்தார். ஸ்பானரும் சுத்தியலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது; சாமானும் கிடைத்தது. இப்போதைய காரில் பல கோளாறுகளைக் கண்டுபிடிக்கவே கம்ப்யூட்டர் கருவியைச் செருகிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு சென்ஸர் கெட்டால் அதைத் தட்டிச் சரி செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்ற டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் இருக்கிறது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் கையில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றுவதென்றால் கை கடிக்கும். ஊருக்குள் சுற்றுவதற்குப் பழைய டீசல் கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளுக்குச் சென்னையில் புதுப்பேட்டை ஒரு வரப்பிரசாதம்தான். கதவுக் கண்ணாடி, கைப்பிடி, விளக்கு என்று அங்கே தாராளமாகத் தேடலாம். பிரேக்கும் ஸ்டீயரிங் சாமானும் புதிதாகத்தான் வாங்கவேண்டும்.

இத்தனை தொல்லைக்குப் புதுக் காரே வாங்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். புதுக் காரில் ரிப்பேர் குறைவு என்பது சரிதான். ஆனால் முதல் சில வருஷங்களில் அதன் விலை விழுகிற வேகம் இருக்கிறதே, அதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை. அதனால் அது செலவாகவே தெரிவதில்லை. 8 லட்ச ரூபாய்க் கார் ஒரே வருஷத்தில் 1 லட்சம் இறங்கினாலும் அது 30,000 ரூபாய் ரிப்பேரைப் போல மூன்று மடங்குக்கு மேல். சராசரி வருமானக்காரருக்குப் பழைய கார் நல்ல யோசனையேதான், உண்டியல் இருந்தால்.

காகிதச் செலவுகளும் உண்டு. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.சி.யைத் தம் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாள்தான். பழையவருக்குக் கிடைத்துவந்த 'நோ கிளெய்ம்' தள்ளுபடி அவரோடு போய்விடும், காரோடு வராது. 15 வருஷம் முடியப்போகும் கார் என்றால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தையும் விலையில் கழித்துப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. கட்டாத போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்வது உத்தமம்.

எவ்வளவு பெரிய உண்டியலுக்கும் அடங்காத கார்களும் இருக்கின்றன. 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னை வெள்ளத்தில் நின்றவை போன்ற வண்டிகள் காய வைத்து, மெத்தை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்து விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியலாம். வயர் இணைப்புகளில் புகுந்த நீர் பல மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் அடித்தளம் துருப்பிடித்த காரும் அப்படியே. என்ஜின் போனால் வேறு என்ஜின் வைக்கலாம். அடித்தளம் போனால் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டியதுதான். மற்ற கார்களுக்கு, இதுவரை எவ்வளவு போட்டோம் என்று பார்க்காமல், வருகிற 12 மாதத்துக்கு என்ன தேவைப்படும் என்று நல்ல மெக்கானிக் ஒருவரிடம் எழுதி வாங்கினால் வைத்துக்கொள்வதா விற்பதா என்பது விளங்கிவிடும். ஏற்கெனவே 40,000 போட்டுவிட்டோமே என்பதற்காக இன்னொரு 40,000 போடுகிறவர்கள் ஏராளம்.

விற்கிற நாளில் உண்டியலில் மிச்சம் இருந்தால் அடுத்த காரின் முதல் மூன்று மாதத்துக்கு ஆகும். ரசீதுக் கட்டையும் தேதி எழுதிய நோட்டையும் மட்டும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடலாம். பேரத்தில் பத்தாயிரம் குறைக்க வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஐயாயிரத்தோடு நிறுத்திக்கொள்ளக்கூடும்.