பந்தயத் திரையும் மலைநாட்டுச் சாரதியும்

எமது கல்லூரியின் பழைய மாணவருள் மோட்டார் வண்டியில் ஆர்வமுடையார் பலர். இன்று பயிலும் மாணவரோ அவரினும் ஒரு படி மேல். அவருட் சிலர் பந்தய வண்டிகளுக்குரிய இலக்கத் திரையைத் தம் வண்டியிலும் பொருத்தி மகிழ்கின்றனர். பொறி விரைந்து சுழலுந்தோறும் பச்சை, மஞ்சள், சிவப்பு என விளக்குகள் வரிசையாய் எரிவது கண்ணுக்கு விருந்துதான். மலைநாட்டில் இத்திரைக்கு இடமுண்டு என்பதே என் கருத்து. ஆயின் நம்மவர் அதனை நாடும் காரணம் வேறு, அது நமக்கு உதவும் காரணம் வேறு.

நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அத்தகைய பந்தயத்தில் ஓடுபவன் வளைவினின்றும் கண்ணை எடுத்தல் இயலாது. கியர் மாற்ற வேண்டிய கணத்தைக் கடைக்கண்ணால் உணரவே அவனுக்கு விளக்கு வரிசை வேண்டியதாயிற்று. அம்பேவெல வழியாகப் பட்டிப்பொலவுக்கு நோயாளியையோ மரக்கறி மூட்டையையோ ஏற்றிச் செல்லும் நம் சாரதிக்கு அந்த அவசரம் யாது? அவன் அறிய வேண்டியது நீரின் வெப்பமும் எண்ணெயின் அழுத்தமுமே.

பட்டிப்பொலப் புகையிரத நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1891 மீற்றர் உயரத்திலுள்ளது. இலங்கையில் இதனினும் உயர்ந்த நிலையம் இல்லை. இவ்வுயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். இதனை மறந்தோர், தனியாக வாங்கிய வெப்ப உணரியைக் கொதிநீரில் அமிழ்த்தித் திரையை 100 எனத் திருத்திவிடுவர். அன்றுமுதல் அத்திரை பொய் சொல்லும். ரேடியேற்றர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் பொறியினுள் நீர் பிந்தியே கொதிக்கும். ஆயினும் கொழும்பிற் கொதிப்பதினும் மூன்று நான்கு பாகை முந்திவிடும். ஆதலின் எச்சரிக்கை எல்லையையும் அவ்வளவு தாழ்த்தி வைத்தல் நன்று. கடையிலிருந்து வந்தபடியே விட்டுவிடுவோரே பெரும்பாலார்.

மற்றுமொன்று. ஸ்டியரிங்கின் கீழுள்ள ஓபிடி சொக்கற்றிற் செருகிவிட்டால் யாவும் தெரிந்துவிடும் என்று எண்ணுகின்றனர். வேகம், சுழற்சி, நீர் வெப்பம் ஆகியவை வரும். எண்ணெய் அழுத்தம் பொதுவாக வராது. அதற்குத் தனி உணரி வேண்டும். தனியே மின் இணைப்புக் கொடுப்போர் சாவி திருப்பிய பின்னரே மின் பாயும் கம்பியிலிருந்து, பியூஸ் ஒன்றின் வழியாக எடுக்கவேண்டும். இன்றேல் இரவெல்லாம் விழித்திருக்கும் திரை விடியலிற் பற்றரியை வெறுமையாக்கிவிடும். பட்டிப்பொலக் குளிரில் வண்டியைத் தள்ளி ஓட்டியவர்க்கு இது விளங்கும். காற்றுப்பையின் மூடிமேல் திரையை ஒட்டுவதோ பெரும் பேதைமை.

இவையெல்லாம் ஏற்றத்துக்குரிய பேச்சு. நமது அச்சமோ இறக்கத்தில் உள்ளது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல வீதியில் சுற்றுலா மாணவரை ஏற்றிவந்த பேருந்தொன்று வானோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியதில் எழுவர் உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய யான் இங்கு முற்படவில்லை. நான் கேட்பது ஒன்றே. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது காய்ந்து பிடிப்பிழக்கும் என்பதை நம் ஓட்டுநர் யாவரும் அறிவர். அந்தச் சூட்டை நாம் பொருத்தும் திரைகளுள் எது காட்டுகிறது? சில்லின் அருகே தனி உணரி வைத்தாலன்றி எதுவும் காட்டாது. பந்தயக்காரர் அதனையும் வைக்கின்றனர். நாமோ அவர்களிடமிருந்து விளக்கு வரிசையை மட்டும் கடன் வாங்கினோம்!

திரை வாங்கப் பணம் சேர்க்கும் இளைஞர் முதலிற் பிரேக் பட்டைகளையும் எண்ணெயையும் மாற்றட்டும். மிஞ்சிய பணத்திற் திரை வாங்கினால், முதற் பக்கத்தில் நீர் வெப்பம், எண்ணெய் அழுத்தம், பற்றரி மின்னழுத்தம் என்னும் மூன்றையே பெரிய எழுத்தில் வைக்கட்டும். வேகத்தைக் காட்டப் பழைய முள்ளே போதும்.