தபால் ஓட்டு அதிகாரிக்கு, பஸ் டிக்கெட் கூலிக்காரனுக்கு

370 ஓட்டு. 2021 சட்டமன்றத் தேர்தலில் தென்காசித் தொகுதியின் வித்தியாசம் அவ்வளவுதான். காங்கிரஸ் வேட்பாளர் பழனி நாடாருக்கு 89,315. அ.தி.மு.க. வேட்பாளர் செல்வமோகன்தாஸ் பாண்டியனுக்கு 88,945. தோற்றவர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். தபால் ஓட்டு எண்ணியதில் குளறுபடி என்றார். இரண்டு வருஷம் வழக்கு நடந்தது. 2023 ஜூலையில் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. தென்காசியில் வைத்து எண்ணினார்கள். பழனி நாடார் ஜெயித்தது ஜெயித்ததுதான் என்று முடிந்தது.

அதில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது நம் கவலை இல்லை தோழர்களே. தபாலில் வந்த ஓட்டுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். உறைக்குள் உறை, உறுதிமொழிப் படிவம், அதில் அதிகாரியின் சான்றொப்பம், பூட்டிய அறை, காவல், இரண்டு வருஷம் கழித்தும் வெளியே எடுத்து எண்ணுவதற்கு உயர்நீதிமன்றத்தின் ஆணை! நல்லது, ஓட்டுக்கு அப்படித்தான் மரியாதை இருக்க வேண்டும். ஆனால் புளியரை தாண்டி, ஆரியங்காவு தாண்டி, கேரளத்தில் கல்லும் மண்ணும் சுமக்கிற காலனிக்காரன் ஓட்டுக்கு அந்த மரியாதை உண்டா? அவன் ஓட்டு போடப்படவே இல்லை. போடாத ஓட்டை எந்தக் கோர்ட்டு மறுபடி எண்ணும்?

தபால் ஓட்டு யாருக்கு உண்டு என்று சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ராணுவத்தில் இருப்பவருக்கு உண்டு. வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை பார்க்கும் அதிகாரிக்கு உண்டு. தேர்தல் பணிக்குப் போகும் ஊழியருக்கு உண்டு. தடுப்புக் காவலில் இருப்பவருக்கும் உண்டு. 2019 அக்டோபரில் விதியைத் திருத்தி 80 வயதுக்கு மேற்பட்டவரையும் ஊனம் உள்ளவரையும் சேர்த்தார்கள். 2020இல் கொரோனா நோயாளியைச் சேர்த்தார்கள். 2024இல் வயதை 85 ஆக ஏற்றினார்கள். கிழவனுக்கும் கிழவிக்கும் வீட்டிலேயே ஓட்டு என்பதில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவன் இந்தப் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறான்? எந்த வரியிலும் இல்லை. 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளைக் கூப்பிட்டு, 72 தொகுதிகளின் ஓட்டை ஒரே இடத்தில் பதிகிற எந்திரம் ஒன்றைக் காட்டப் பார்த்தது. கட்சிகள் ஆட்சேபித்தன. 2024 மக்களவைத் தேர்தல் அந்த எந்திரம் இல்லாமலேயே நடந்து முடிந்தது.

இதெல்லாம் பெரிய தேர்தல்களின் கதை. ஊராட்சித் தேர்தலுக்கு வாருங்கள். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம்; அரசியல் சட்டத்தின் 243கே பிரிவு அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. விதிகளும் தனி. முதலில், தேர்தல் நடந்தால்தானே ஓட்டு? 2016 அக்டோபர் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு நடத்திவிட்டு, புதிதாகப் பிரித்தவை என்று ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டார்கள். அந்த ஒன்பதில் தென்காசியும் ஒன்று. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் இங்கே ஊரகத் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷம் முழுசாக, தனி அதிகாரி கையில் ஊராட்சி. ஒரு தேர்தல் காலத்தையே விழுங்கிவிட்டு, 'ஜனநாயகக் கடமையைச் செய்ய வாரீர்' என்று தட்டி வைத்தார்கள்.

அப்படி வந்த தேர்தலில் நாலு வாக்குச்சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். தேர்தல் பணிக்குப் போன ஊழியருக்குத் தபால் ஓட்டு உண்டு. கொரோனா வந்தவருக்குக் கடைசி ஒரு மணி நேரம், மாலை 5 முதல் 6 வரை. நோயோடு எழுந்து வந்து போட வேண்டும். வெளியூரில் சூளையில் வேகிறவனுக்கு? வந்தால் போடு, வராவிட்டால் போ.

"ஒரு நாள் வந்துட்டுப் போனா என்னலே?" என்று கேட்கிறான் ஊர்க்காரன். வரலாம். இரண்டு நாள் கூலி போகும். பஸ்ஸுக்குப் போக வரக் காசு வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த மேஸ்திரி விட வேண்டும். அந்தக் காசை அரசாங்கம் கொடுக்குமா? கொடுக்காது. வேட்பாளர் கொடுப்பார். வேன் அனுப்புவார், சாப்பாடு போடுவார், கையில் ரூபாய் வைப்பார். வேனில் ஏறும்போதே ஓட்டு அடமானம் போய்விட்டது. அப்புறம் அதே வாயால் "காலனிக்காரன் காசுக்கு ஓட்டுப் போடுறான்" என்று பேசுவார்கள். அதிகாரியின் ஓட்டுக்குத் தபால் செலவை அரசாங்கம் ஏற்கிறது. நம் ஓட்டுக்குப் பஸ் செலவை வேட்பாளன் ஏற்கிறான். இதில் விலைபோனது யார்?

இங்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டு எல்லோருக்கும் இல்லை. வரி கட்டியவனுக்கு, நிலம் வைத்திருந்தவனுக்கு, சர்டிபிகேட் வைத்திருந்தவனுக்கு. 1919இல் சவுத்பரோ குழுவின் முன்னால் சாட்சி சொன்ன நாளிலிருந்தே அண்ணல் அம்பேத்கர் இந்தச் சொத்துத் தகுதியைக் கேள்வி கேட்டார். 1950இல் அரசியல் சட்டம் வந்து, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று 326ஆம் பிரிவு எழுதியது. எழுதியது சரி. ஊராட்சியில் அது எப்படி நடக்கிறது? நிலம் உள்ளவன் ஊரில் இருக்கிறான். நிலம் இல்லாதவன் வெளியூரில் இருக்கிறான். ஓட்டு, ஊரில் நிற்கிற உடம்புக்கு மட்டும். அப்படியானால் முன்வாசலில் விரட்டிய சொத்துத் தகுதி பின்வாசலில் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

தேர்தல் வருகிற மாதத்தையும் பாருங்கள். 1996, 2001, 2006, 2011, எல்லாம் அக்டோபர். 2021இலும் அக்டோபர். குற்றாலத்தில் சீசன் ஜூனில் தொடங்கி செப்டம்பரோடு வடியும். அருவிக்கரையைக் கூட்டுகிறவள், லாட்ஜில் விரிப்பு துவைக்கிறவள், கடையில் எடுபிடி நிற்கிற பையன், எல்லோருக்கும் சீசன் முடிந்தால் பிழைப்பும் முடிந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் சனம் மூட்டை கட்டிக் கிளம்புகிற நேரத்தில் வாக்குப்பெட்டி ஊருக்குள் வருகிறது. சதி என்று சொல்லவில்லை. நம் நாட்காட்டியை யாரும் பார்க்கவில்லை என்று சொல்கிறோம்.

சட்டமன்றத்தில் 370 ஓட்டு என்றால் நெருக்கமான முடிவு என்று பேப்பரில் போடுகிறான். ஊராட்சி வார்டு என்பது ஒரு தெரு, இரண்டு தெரு. அங்கே பத்துப் பேர் கேரளத்தில் இருந்தால் முடிவே மாறும். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு விளக்கு, நூறு நாள் வேலை எந்தப் பக்கம் நடக்கும், சுடுகாட்டுப் பாதை வருமா என்பதெல்லாம் அந்தப் பத்து ஓட்டில் தொங்குகிறது.

'அப்படியானால் எல்லோருக்கும் தபால் ஓட்டு கொடு என்று கேட்டுவிடலாமே' என்று மாணவத் தோழர்கள் சொல்லலாம். இங்கேதான் கவனம் வேண்டும்.

இந்த மண் லேசுப்பட்ட மண் இல்லை. இன்றைக்குத் தென்காசி மாவட்டத்தில் இருக்கிற குருவிகுளம் ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 அக்டோபர் தேர்தலில் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவராக ஜெயித்த அருந்ததியர், ஜக்கையன். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் பொம்மையாக இருக்க மறுத்தார். அடுத்த மாதமே, நவம்பரில், வெட்டிக் கொன்றார்கள். மூன்று மாதம் போகவில்லை, 2007 பிப்ரவரியில் மருதன்கிணறு ஊராட்சித் தலைவர் சேர்வாரன் கொல்லப்பட்டார். 1997 ஜூன் 30இல் மேலவளவு முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்ததன் தொடர்ச்சி இது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குக் கடையில் மிட்டாய் தர மறுத்ததையும் நாடு பார்த்தது. பிள்ளைகளின் மிட்டாய்க்கே கட்டுப்பாடு போடுகிற ஊர், பெரியவர்களின் வாக்குச்சீட்டைச் சும்மா விடுமா?

சூளைக்குத் தபாலில் வாக்குச்சீட்டு வந்தால் அதை முதலில் பிரிப்பது யார்? சூளைக் கணக்குப்பிள்ளை. அட்வான்ஸ் கொடுத்தவன் முன்னால், அவன் பேனாவால் குத்துகிற ஓட்டு நம் ஓட்டா? வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். பண்ணையார் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்வான். மறைவுத் தட்டி ஒரு சின்ன அட்டைதான். ஆனால் ஆண்டையின் கண்ணுக்கும் நம் கைக்கும் நடுவில் இந்த நாட்டில் நிற்கிற ஒரே சுவர் அதுதான். அதை வீட்டில் விட்டுவிட்டு ஓட்டை மட்டும் தபாலில் அனுப்ப முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒரு வார்டில் மூன்றே மூன்று தபால் ஓட்டு வந்து, அதைத் தனியாக எண்ணினால், யார் யாருக்குப் போட்டார்கள் என்று அன்றைக்கு ராத்திரியே ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே நம் கோரிக்கை தபால்காரனிடம் இல்லை. தேர்தல் ஊழியர்களுக்கு அவர்கள் பயிற்சி பெறும் இடத்திலேயே மையம் வைத்து, முன்கூட்டியே ஓட்டுப் போட வைக்கிறார்களே, அதே ஏற்பாட்டைக் கூலிக்காரனுக்கும் செய் என்கிறோம். திருப்பூரிலும் கோவையிலும் தாலுகா அலுவலகத்தில் அதிகாரி உட்காரட்டும், மறைவுத் தட்டி இருக்கட்டும், பெட்டி இருக்கட்டும். கேரளத்தில் இருப்பவர்களுக்கு, தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையில் ஒரு மையம் திற. அங்கே விழுந்த ஓட்டை வார்டின் மற்ற ஓட்டுகளோடு கலந்து எண்ணு. காலனி ஓட்டுச்சாவடியைக் காலனிக்குள் வை, அல்லது நம் பெண்கள் பயமில்லாமல் நடந்துவரக்கூடிய இடத்தில் வை. அன்றைய கூலியையும் பஸ் கட்டணத்தையும் அரசாங்கம் கொடுக்கட்டும்.

சிறையில் இருப்பவனையும் மறக்க வேண்டாம். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவின்படி, விசாரணைக் கைதிக்கு ஓட்டு இல்லை. 1997இல் உச்சநீதிமன்றமும் அது சரி என்றது. ஆனால் 2013 திருத்தத்துக்குப் பிறகு அதே கைதி சிறையிலிருந்தே தேர்தலில் நிற்கலாம்! எம்.எல்.ஏ. ஆகலாம், ஓட்டுப் போடக்கூடாது. ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் உள்ளே கிடப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும்.

கோரிக்கை அங்கே. வேலை இங்கே. ஊராட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. பெரும்பகுதிக்குச் சொன்ன காரணம் 'இடம் பெயர்ந்தவர்'. வீட்டில் பூட்டு தொங்கினால் இடம் பெயர்ந்தவர்! 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தற்காலிகமாக வெளியே போனவன் அதனால் மட்டும் ஊர்க்காரன் என்ற தகுதியை இழப்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. இந்த வரியை மனப்பாடம் பண்ணுங்கள். பெயரை நீக்கச் சொல்லி எவனாவது படிவம் 7 கொடுத்தால் அதிகாரி முன்னால் இந்த வரியைச் சொல்லுங்கள்.

2021 அக்டோபரில் வந்தவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த தேர்தல் எந்தத் தேதியில் வந்தாலும் சரி, அதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லூரித் தோழரும் தன் காலனியின் பாகப் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். வீடு வீடாகப் போய், யார் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார், பெயர் இருக்கிறதா, இல்லையா என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். இல்லாத பெயருக்குப் படிவம் 6 எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். வெளியூரில் இருப்பவர்களின் எண்ணிக்கையை ஊர்வாரியாகத் தொகுத்து மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு மனுவாக அனுப்ப வேண்டும். அந்த மனுவைத் தபாலிலேயே அனுப்பலாம். அந்த உரிமையாவது நமக்கு இருக்கிறது.