கியர் பொக்ஸை மாற்றினால் மட்டும் போதுமா?

சீனன்குடாவில் மாவும் சீமெந்தும் ஏற்றும் லொறிகள் கந்தளாய், ஹபரணை வழியாகச் செல்லும் ஏ-6 நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுள் பல வயது முதிர்ந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் பெருமளவில் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய லொறிகளுக்கு வேறு வண்டிகளின் கியர் பொக்ஸைப் பொருத்தி ஓட்டுவது வழக்கமாயிற்று. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மக்களுக்கு இது பெரிய வித்தையன்று. அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் கைத்திறன் வேறு, அளவு வேறு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மாற்றிய கியர் பொக்ஸின் நீளம் பழையதைப் போல் இருப்பதில்லை. ஆகவே புரொப்பெலர் தண்டை வெட்டியோ நீட்டியோ ஒட்டுகிறார்கள். தாங்கியின் உயரமும் மாறுகிறது. அத்துடன் தண்டின் கோணமும் மாறிவிடுகிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

தண்டின் இரு முனைகளிலும் உள்ள சிலுவை மூட்டுக்கு, இத்தாலியரான கார்டானோவின் பெயரும் ஆங்கிலேயரான ரொபர்ட் ஹூக்கின் பெயரும் வழங்குகின்றன. வளைந்து சுழலும்போது அந்த மூட்டு சீரான வேகத்தைக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறைகிறது. வளைவு 3 பாகை எனில் இந்த ஏற்றத்தாழ்வு மிகச் சிறிது. 10 பாகை எனில் ஏறத்தாழ 1.5 சதவீதம் கூடி, அதே அளவு குறையும். தண்டு நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழன்றால் 4000 அதிர்வுகள்!

இதற்கு மாற்று உண்டு. கியர் பொக்ஸின் வெளியீட்டு அச்சும் டிப்பரன்சலின் உள்ளீட்டு அச்சும் இணையாக இருந்து, தண்டின் இரு கவைகளும் ஒரே வரிசையில் நின்றால், முதல் மூட்டின் ஏற்றத்தாழ்வை இரண்டாவது மூட்டு சமன் செய்துவிடும். இரு கோணங்களுக்கும் இடையிலான வேறுபாடு 1 பாகைக்குள் இருப்பது நல்லது. கோணமே இல்லாமலும் இருக்கக் கூடாது. ஊசித் தாங்கிகள் அசையாமல் ஒரே இடத்தில் அழுந்தித் தேயும். நடுத்தாங்கியுள்ள நீண்ட லொறிகளில் அதன் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். வெட்டி ஒட்டிய தண்டைச் சமநிலைப்படுத்தவும் வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக்கின் கண்ணே போதும் என்பார் சிலர். ஒரு பாகையை எந்தக் கண்ணாலும் காண இயலாது. கோணமானி வேண்டும். அளக்கும்போது லொறி சமதரையில் தன் சில்லுகளின் மேல் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கி, அச்சு தொங்கும் நிலையில் எடுத்த அளவு பொய்யளவு.

அளக்காமல் விட்டால் என்ன நேரும்? முதலில் நடுக்கம். பிறகு எண்ணெய்க் கசிவு. பிறகு சிலுவை தேய்கிறது. "போட்ட கியர் பொக்ஸ் சரியில்லை" என்று உரிமையாளர் இன்னொன்றைத் தேடுகிறார். இறுதியில் முன்மூட்டு முறிந்தால், தண்டு தெருவில் குத்தி, சுமையேற்றிய வண்டியையே புரட்டிவிடலாம். பழுதின் செலவு உரிமையாளருக்கு. உயிர் சாரதிக்கு.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம். புகையை அளக்கும் கருவி தண்டின் கோணத்தை அளக்காது. ஆகவே ஒரு சிறு கோரிக்கை: கியர் பொக்ஸை மாற்றும் ஒவ்வொரு கராஜும் தன் பற்றுச்சீட்டில் இரு கோணங்களையும் எழுதித் தரட்டும். உரிமையாளர்களும் அந்த ஒரு மணி நேர வேலைக்குப் பேரம் பேசாதிருக்கட்டும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பேனையும் ஒரு கோணமானியும் போதும்.