எலி விடும் பயத்தை மனிதன் விடக்கூடாதா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்துத் தொங்கும் கடைகளைப் பார்க்கலாம். காரணம் கேட்டால் "கண் திருஷ்டி" என்பார்கள். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாலோ, "கட்டாமல் இருந்து யார் பார்த்தது?" என்பார்கள். நாம் சொல்ல வந்த சங்கதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பயம் எப்படிக் கற்கப்படுகிறது? சுண்டெலிக்கு ஒரு சத்தத்தைக் கேட்கச் செய்து, உடனே காலில் இலேசாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பிறகு சத்தம் மட்டும் கேட்டாலே அது அசைவற்று நின்றுவிடுகிறது. சத்தத்தையும் வலியையும் முடிச்சுப் போடுவதற்கு, மூளை நரம்பணுவில் செய்தி வாங்கும் வாயிலாகிய என்.எம்.டி.ஏ. ஏற்பி என்பது வேண்டியிருக்கிறது. 1999-ஆம் வருஷம் அமெரிக்காவில், பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் ஜோ சியென் என்பவரும் அவருடன் உழைத்தோரும், அவ்வாயிலின் ஒரு பாகத்தை உண்டாக்கும் என்.ஆர்.2பி. என்ற ஜீன் அதிகமாக வேலை செய்யும்படியான சுண்டெலிகளை உண்டாக்கிக் காட்டினார்கள். அவை மற்ற எலிகளைவிடப் பயத்தை நன்றாகக் கற்றன. ஆனால் சத்தம் வந்தும் வலி வராததைக் கண்டபோது, அந்தப் பயத்தைச் சீக்கிரம் விட்டவையும் அவையேதான்! பயத்தைக் கற்க உதவும் கருவியே அதை விடவும் உதவுகிறது என்பதல்லவா இதன் கருத்து?

நிற்க, நாள் போனால் பயம் தானே போய்விடும் என்று சிலர் சொல்லலாம். பெங்களூர் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் சுமந்திர சத்தர்ஜி குழுவினர், எலிகளைத் தினம் 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வருத்தினார்கள். பயத்துக்குரிய அமிக்டலா என்னும் மூளைப் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் பெருகின. பின்பு 21 நாள் சும்மா விட்டும் அவை குறையவில்லை, கலவரமும் தீரவில்லை என்று 2004-இல் வெளியிட்டார்கள். ஆகவே காலத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. பயந்தது நடக்கவில்லை என்பதைப் பிரத்தியட்சமாகக் காணவேண்டும்.

எலுமிச்சம்பழம் அதைத்தான் தடுக்கிறது. வாராவாரம் கட்டுகிறவன், கட்டாத நாளிலும் ஒன்றும் நேராது என்பதை என்றைக்குத்தான் காண்பான்? லாபம் வந்தால் பழத்தின் மகிமை. நஷ்டம் வந்தால் பழம் வாடிய குற்றம்! பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் இதையே கற்கிறது.

எலி வேறு, மனிதன் வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜீன் மனிதனிடத்திலும் உண்டு. எலிக்கில்லாத பகுத்தறிவும் உண்டு. கடைக்காரத் தோழர்களே! உங்களை வைவதற்காக இதை எழுதவில்லை. சில மாதம் கட்டாமலிருந்து, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணக்கைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.